ரப்பர் பாம்பும் முன்மூளையும்: "பிரேக்" கதை குரங்குகிட்ட ஏன் பலிக்கல?

கேள்விக்குறி

ரொம்ப நாளா மண்டையைக் குடையுற சந்தேகம். விவரம் தெரிஞ்சவங்க விளக்குங்க.

உளவியல் பாடப்புத்தகத்துல இருந்து யூடியூப் வரைக்கும் சொல்ற கதை ஒண்ணுதான். மூளையில கன்னப்பொறிக்கு உட்பக்கம் ஆழத்துல இருக்கிற அமிக்டலா பயத்தைக் கிளப்பும். நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் அதுக்கு பிரேக் போடும். பிரேக் தேஞ்சு போனா பதற்ற நோய். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா 2000களில் வந்த குரங்கு ஆய்வுகளைப் பார்த்தா விஷயம் தலைகீழா இருக்கு. ரீசஸ் குரங்குகளுக்கு ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸை (கண்குழிகளுக்கு நேர் மேல இருக்கிற முன்மூளைப் பகுதி) ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க. அப்புறம் ரப்பர் பாம்புக்குப் பின்னாடி தின்பண்டத்தை வெச்சாங்க. சாதாரணக் குரங்கு கையை நீட்டும், பாதியில இழுத்துக்கும், பாம்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அறுவை செஞ்ச குரங்குகள் சட்டுனு எடுத்து வாயில போட்டுக்கிச்சு.

பிரேக்கைப் பிடுங்கினா வண்டி தறிகெட்டு ஓடணும். இங்க வண்டியே நின்னுடுச்சே, எப்படி?

---

வெட்டிப்பேச்சு

ரப்பர்னு குரங்குக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி. நமக்குத்தான் தெரியாது.

---

சாம்பல்நிறம்

நல்ல கேள்வி. பதில் அந்தப் பகுதியை எடுத்த விதத்துல இருக்கு.

பழைய ஆய்வுகள்ல புறணியை (கார்டெக்ஸ்) உறிஞ்சி எடுப்பாங்க. மண்டையோட்டைத் திறந்து, நுண்ணோக்கி வழியாப் பார்த்துக்கிட்டே, மெல்லிய குழாயால சாம்பல்நிறத் திசுவை உறிஞ்சுறது. பிரச்சனை என்னன்னா, அந்தத் திசுவுக்கு அடியிலேயே வேற எங்கேயோ கிளம்பி வேற எங்கேயோ போற நரம்பிழைகள் ஓடும். அந்தப் பகுதிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது, வழியில கடந்து போறவை, அவ்வளவுதான். குழாய்க்கு அது தெரியாது, எல்லாத்தையும் சேர்த்தே அறுத்துடும்.

இன்னொரு முறை, செல்களை மட்டும் மிகையாத் தூண்டிச் சாகடிக்கிற நச்சை ஊசியில நுண்ணளவா செலுத்துறது. இதுல அந்த இடத்து நியூரான்கள் போயிடும், கடந்து போற இழைகள் தப்பிச்சுக்கும்.

எலிசபெத் மரே குழு (அமெரிக்க தேசிய மனநல நிறுவனம்) 2013இல் இந்த ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தாங்க. முதல் ஆசிரியர் பீட்டர் ருட்பெக். உறிஞ்சி எடுத்த குரங்குகளுக்குப் பாம்புப் பயம் குறைஞ்சுது, நீங்க படிச்ச மாதிரியே. நச்சூசி போட்ட குரங்குகளோ சாதாரணக் குரங்குகள் மாதிரியே தயங்குச்சு! அதே பகுதி, அதே சோதனை, முடிவு மட்டும் வேற.

நச்சூசி குரங்குகளுக்குப் பாதிப்பே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஒரு தீனியை வயிறு நிறையக் கொடுத்து அதை "போதும்" நிலைக்குக் கொண்டு வந்த பிறகும், அந்தத் தீனி அடியில இருக்கும்னு பழக்கின பொருளையே திரும்பத் திரும்ப எடுத்துச்சு. அதாவது ஒரு பொருளோட இப்போதைய மதிப்பு என்னன்னு புதுப்பிச்சுக்க முடியல. அந்தப் பகுதியோட செல்கள் செய்யுற வேலை அது. பாம்பு விஷயம் பெரும்பாலும் கடந்து போற இழைகளோட சமாச்சாரம்.

---

கேள்விக்குறி

அக்கா, அப்படின்னா முப்பது நாற்பது வருஷமா "இந்தப் பகுதி உணர்ச்சியைக் கட்டுப்படுத்துது"ன்னு எழுதினதெல்லாம்?

---

சாம்பல்நிறம்

எல்லாத்தையும் குப்பையில போட வேண்டாம், திரும்பப் படிக்கணும். இதே கதை அமிக்டலாவுக்கு முன்னாடியே நடந்தாச்சு.

1937இல் சிகாகோவில ஹைன்ரிக் க்ளூவரும் பால் பூசியும் ரீசஸ் குரங்குகளோட மூளையில ரெண்டு பக்கக் கன்னப்பொறி மடல்களையும் (அமிக்டலா இதுக்குள்ளதான் இருக்கு) எடுத்துட்டு அறிக்கை கொடுத்தாங்க. முரட்டுக் குரங்குகள் அடங்கிப் போச்சு, பாம்பைக் கையில எடுத்துச்சு, கண்ணுல பட்டதையெல்லாம் வாயில வெச்சுப் பார்த்துச்சு. 1956இல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் அதை அமிக்டலா வரைக்கும் சுருக்கினார். அங்கிருந்துதான் "பயத்தின் மையம்"ங்கிற பட்டம் கிளம்புச்சு. பிறகு 1999இல் மெனியே, பாஷ்வாலியே, மரே ஆகியோர் நச்சூசி முறையில அமிக்டலாவை மட்டும் அழிச்சுப் பார்த்தப்போ, மாற்றம் அதே திசையில இருந்தாலும் பழைய ஆய்வுகள் அளவுக்கு இல்ல. பயம் குறையும், ஆனா க்ளூவரும் பூசியும் கண்ட அந்த முழு நாடகம் வராது.

---

அரைகுறை_ஞானி

நடுவுல குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். எனக்கு இந்த மொத்த அடித்தளத்து மேலயே நம்பிக்கை இல்லை.

முதலாவது, பாம்புச் சோதனை. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பெரும்பாலும் பாம்பைக் கண்டால் பயமே இருப்பதில்லை. 1980களில் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் காட்டியது அதைத்தான். காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைப் பார்த்த பிறகுதான் ஆய்வகக் குரங்கும் பயப்படக் கற்றது. அப்படி அலறும் காணொளியில் பாம்பிருந்த இடத்தில் பூவைப் பொருத்திக் காட்டினால் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை என்பது இன்னும் சுவாரசியம், அது தனிக்கதை. ஆக, எந்தக் குரங்கு எங்கே வளர்ந்தது என்று சொல்லாமல் "தயக்கம் குறைந்தது" என்பதற்கு என்ன பொருள்?

இரண்டாவது, தயக்கம் என்பது நடத்தை. பயம் என்பது உள்ளே உணரப்படுவது. ஜோசப் லெடூ பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். எலிகளில் அமிக்டலாவை ஆராய்ந்து பெயர் வாங்கியவரே, அதைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லாதீர்கள், அது ஆபத்தை எதிர்கொள்ளும் தற்காப்புச் சுற்று மட்டுமே என்கிறார். குரங்கு கையை நீட்ட எத்தனை நொடி ஆனது என்பதை வைத்து அதன் மனப்பதற்றத்தை எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

வெட்டிப்பேச்சு

ஞானி ஐயா, உங்க பதற்றத்தையும் நாங்க நீங்க எழுதுறதை வெச்சுத்தானே கணிக்கிறோம்?

---

சாம்பல்நிறம்

வெட்டி சொல்றது வேடிக்கையா இருந்தாலும் அதுல விஷயம் இருக்கு.

ஐயாவோட முதல் ஆட்சேபம் சரிதான். அதனாலதான் அறுவை இல்லாத குரங்குகளையும் அதே சோதனைக்கு உட்படுத்துறாங்க. ஒப்பிடுறது அதுங்களோடதான்.

ரெண்டாவதுக்கு வர்றேன். பாம்புச் சோதனை "பயம்" பக்கம். கண்ணு முன்னாடி ஆபத்து இருக்கு. "பதற்றம்" வேற: ஆபத்து வருமா வராதான்னு தெரியாத நிலை. அதுக்கு நெட் காலினும் ஸ்டீவன் ஷெல்டனும் விஸ்கான்சினில் ஒரு சோதனை வெச்சாங்க, 1989இல் சயின்ஸ் இதழ்ல வந்தது. அந்தச் சோதனையோட அழகே அதோட எளிமைதான்.

குட்டிக் குரங்கு கூண்டுல. முதல் கட்டம், தனியா விட்டுடுவாங்க. குட்டி அம்மாவைத் தேடி "கூ… கூ…"ன்னு நீட்டிக் கூப்பிடும். ரெண்டாவது கட்டம், முன்பின் தெரியாத மனுஷன் ஒருத்தர் வந்து சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி நிற்பார். பக்கவாட்டு முகம் மட்டும் தெரியும், குரங்கைப் பார்க்கவே மாட்டார். குட்டி அப்படியே உறைஞ்சுடும். கூப்பிடாது, அசையாது, கண்ணு மட்டும் அவர் மேல. மூணாவது கட்டம், அதே ஆள் திரும்பி நேருக்கு நேர் முறைப்பார். இப்போ குட்டி உறையாது! குரைக்கும், பல்லைக் காட்டும், கூண்டை உலுக்கும்.

அந்த நடுக்கட்டத்தைக் கவனிங்க. "அவன் என்னைப் பார்த்துட்டானா இல்லையா?" விடை தெரியாத நிலை. மூணு கட்டத்துக்கும் மூணு நடத்தை, சந்தர்ப்பத்துக்குத் தக்க மாதிரி.

இதுக்கு மேல மருந்தைச் சேர்த்தாங்க. மார்ஃபின் கொடுத்தா "கூ" மட்டும் குறைஞ்சுது, உறைதலும் குரைத்தலும் அப்படியே. டயஸெபாம் கொடுத்தா உறைதலும் குரைத்தலும் குறைஞ்சுது, "கூ" குறையல. மனுஷங்களோட பதற்றத்தைத் தணிக்கிற அதே மருந்து. குட்டி உள்ளுக்குள்ள என்ன உணருதுன்னு எனக்கும் தெரியாது ஐயா. ஆனா வெவ்வேற வேதிச்சுற்று இருக்குன்னு நடத்தையை வெச்சே பிரிச்சுக் காட்ட முடிஞ்சுதே.

---

அரைகுறை_ஞானி

சுற்றுகள் வெவ்வேறு என்பதை ஏற்கிறேன். அதை "பதற்றம்" என்று அழைப்பதில்தான் என் ஆட்சேபம். அது நிற்கட்டும், தொடருங்கள்.

---

மறுநாள்_வாங்க

மனநல மருத்துவம் பார்க்கிறவன்ங்கிற முறையில ஒரு செய்தி. ஞானி சார் சொன்ன "நடத்தை வேற, உணர்வு வேற"ங்கிறதுக்கு மனுஷ சாட்சியே இருக்கு.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுகள்ல குறிப்பிடப்படுற ஒரு பெண். அரிய மரபணு நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் சிதைஞ்சு போனவங்க. பாம்பு, சிலந்தி, பேய் வீடு எதுக்கும் பயப்படலன்னு 2011இல் பதிவாச்சு. 2013இல் அதே குழு அவங்களுக்கு 35% கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கக் கொடுத்தாங்க. அந்தப் பெண்ணுக்குக் கடுமையான பீதித் தாக்குதல்! அதே பாதிப்புள்ள இரட்டையர் ரெண்டு பேருக்கும் அப்படியே. அமிக்டலா இல்லாமலே பீதி வருது. வெளியில இருந்து வர்ற ஆபத்தை அமிக்டலா படிக்குது; உடம்புக்குள்ள மூச்சு முட்டுறப்ப எழுற அலறலுக்கு அது தேவைப்படல.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். அமிக்டலா கெட்டதுக்கு மட்டும் வேலை செய்யுறதும் இல்ல. டேனியல் சால்ஸ்மன் குழு 2006இல் குரங்கு அமிக்டலாவோட ஒற்றை நியூரான்களைப் பதிவு செஞ்சாங்க. ஒரு படத்தைப் பார்த்தா குடிக்கப் பரிசு, இன்னொரு படத்தைப் பார்த்தா முகத்துல காற்றடி. சில நியூரான்கள் நல்லதுக்குத் துடிச்சுது, சில கெட்டதுக்கு. படங்களோட பொருளை மாற்றி வெச்சா நியூரான்களும் மாறிக்கிச்சு.

---

எலிவளை

எல்லாரும் குரங்கு குரங்குன்னு பேசுறீங்க. எலி ஆராய்ச்சி பண்றவன் நான், ஒரு வார்த்தை. ஒளியால நியூரானை இயக்குறது, ஒரே வகைச் செல்லை மட்டும் பிடிச்சு அணைக்கிறது, இதெல்லாம் எலியில தினசரி வேலை. குரங்குல ஒரு ஆய்வுக்கு நாலஞ்சு விலங்கு கிடைச்சாலே பெரிசு. எலியோட முன்மூளையில இன்ஃப்ராலிம்பிக் பகுதி பயத்தை அடக்குது, ப்ரீலிம்பிக் பகுதி பயத்தைத் தூக்கிப் பிடிக்குது. இது நிறைய ஆய்வகங்கள்ல உறுதியானது. குரங்குல முறையே 25ஆம் பகுதி, 32ஆம் பகுதின்னு (முன்மூளையோட உட்பக்கத்துல எண்ணிட்ட இடங்கள்) இதுக்கு நேர் இணை இருக்கு. பிறகு ஏன் குரங்கு?

---

சாம்பல்நிறம்

> பிறகு ஏன் குரங்கு?

சகோ, நீங்க சொன்ன அந்த நேர் இணைதான் சரியான உதாரணம்.

கேம்பிரிட்ஜில் ஏஞ்சலா ராபர்ட்ஸ் குழு மார்மோசெட் குரங்குகள்ல இதைச் சோதிச்சு 2017இல் வெளியிட்டாங்க. மார்மோசெட் கையளவு இருக்கும் தென்னமெரிக்கக் குட்டிக் குரங்கு. மிரட்டலோட இணைச்சுப் பழக்கின அடையாளம் வர்றப்போ இரத்த அழுத்தமும் நடத்தையும் எப்படி மாறுதுன்னு அளந்தாங்க. எலிக்கணக்குப்படி 25ஆம் பகுதியைத் தற்காலிகமா அணைச்சா பயம் கூடணும். கூடல, குறைஞ்சுது. 32ஐ அணைச்சா குறையணும். கூடிடுச்சு. ரெண்டுமே எலிக்கு எதிர்த்திசை.

பெயரும் இடமும் ஒத்திருந்தா வேலையும் ஒத்திருக்கும்னு எடுத்துக்க முடியாதுங்கிறதுதான் இதுல பாடம். கூடவே, குரங்கு வகைகள்ல நல்லா வளர்ந்திருக்கிற, நாலாவது அடுக்குல நுண்மணிச் செல்கள் நிறைஞ்ச முன்மூளைப் புறணி எலிக்குக் கிடையாது. பதற்றத்தைப் பத்தி மனுஷங்களுக்குச் சொல்லணும்னா அந்தப் பகுதியையும் பார்த்தாகணும்.

---

எலிவளை

முடிவு எதிர்த்திசைன்னு நீங்க சொல்றீங்க. சோதனையோட வடிவமும், மருந்து ஊசி எவ்வளவு தூரம் பரவுச்சுங்கிறதும் வேறயா இருந்தா? நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா 25ஐ ப்ரீலிம்பிக்குக்கு இணைன்னு வெச்சா கணக்கு சரியா வருது, அதையும் கவனிக்கிறேன்.

---

கேள்விக்குறி

அப்போ ஆர்பிட்டோஃப்ரன்டல் மார்மோசெட்ல என்ன ஆகுது அக்கா? அதுலயும் பயம் போயிடுதா?

---

சாம்பல்நிறம்

இதைத்தான் கேட்பீங்கன்னு எதிர்பார்த்தேன். போகல, கூடுது. அதே கேம்பிரிட்ஜ் குழு 2012இல் நச்சூசியால ஆர்பிட்டோஃப்ரன்டலோட முன்பகுதியை அழிச்ச மார்மோசெட்டுகளும், அதுக்குப் பக்கத்துல வெளிப்புறமா இருக்கிற வென்ட்ரோலேட்டரல் பகுதியை அழிச்ச மார்மோசெட்டுகளும், முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிற அந்நியர் சோதனையில கூடுதலாப் பதறுச்சு. 2019இல் மரே குழுவே ரீசஸ் குரங்கோட ஆர்பிட்டோஃப்ரன்டலில் ஒரு பகுதியை மட்டும் நச்சூசியால அழிச்சுப் பார்த்தாங்க. தற்காப்பு நடத்தை கூடிச்சு.

இப்போ வரிசையாப் பாருங்க. இழைகளோட சேர்த்து எடுத்தா பயம் குறையுது. செல்களை முழுசா அழிச்சா மாற்றமில்ல. செல்களைப் பாதி அழிச்சா பயம் கூடுது. "ஒரு பகுதி, ஒரு வேலை"ன்னு வரைஞ்ச படத்துல இது மூணும் ஒண்ணா உட்காராது. உடற்கூறும் அதைத்தான் சொல்லுது. எலெனி பார்பாஸ் ஆய்வுகள்படி, அமிக்டலாவோட நெருக்கமாப் பேசுறது ஆர்பிட்டோஃப்ரன்டலோட பின்பகுதியும் 25ஆம் பகுதி போன்ற உட்பக்கப் பகுதிகளும்தான். "சிந்திச்சு அடக்குறது"ன்னு எல்லாரும் படம் போட்டுக் காட்டுற மேற்பக்கவாட்டுப் புறணிக்கு அமிக்டலாவோட நேரடித் தொடர்பு ரொம்பச் சொற்பம். அந்த பிரேக் கம்பி அங்கிருந்து நேராப் போகவே இல்ல.

---

இலைமறைகாய்

வழக்கமா படிச்சுட்டுப் போயிடுவேன். இன்னைக்குக் கேட்கணும்னு தோணுச்சு. சின்ன வயசுலேயே நான் "ஒட்டாத பிள்ளை". எங்க அம்மாவும் அப்படித்தான். பல வருஷமா பதற்றத்துக்கு மருந்து எடுக்கிறேன். இது ரத்தத்துல வர்றதா? குரங்குகளை வெச்சு அதைச் சொல்ல முடியுமா?

---

மறுநாள்_வாங்க

சொல்ல முடியும், ஓரளவுக்கு. நான் மேலே படிச்ச அந்நியர் சோதனையோட தொடர்ச்சி இது.

விஸ்கான்சின் குழு பல தலைமுறை உறவுமுறை பதிவான ஒரு பெரிய ரீசஸ் குடும்பத்தை எடுத்தாங்க. ஒவ்வொரு இளங்குரங்குக்கும் கதிரியக்கக் குளுக்கோஸ் ஊசி போட்டு, பக்கவாட்டு முகம் காட்டுற அந்நியர் முன்னாடி அரை மணி நேரம் விடுவாங்க. எந்தப் பகுதி அதிகம் உழைச்சுதோ அது குளுக்கோஸை அதிகம் இழுத்திருக்கும். அதுக்கப்புறம் மயக்கி பெட் ஸ்கேன். 2010இல் 238 குரங்குகள், 2015இல் 592.

பதறும் சுபாவத்துல குரங்குக்குக் குரங்கு இருக்கிற வேறுபாட்டுல சுமார் 35% குடும்ப வழியா வர்றதா 2015 ஆய்வு கணக்கிட்டுச்சு. மீதி வேற காரணங்கள். 2010 ஆய்வுல இன்னொரு நுணுக்கம்: அமிக்டலா, அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஹிப்போகேம்பஸ் (நினைவோட சம்பந்தப்பட்ட பகுதி) ரெண்டோட உழைப்புமே சுபாவத்தைக் கணிச்சுது, ஆனா பரம்பரையா வந்தது கூடுதலா ஹிப்போகேம்பஸ் பக்கம். "பயத்தின் மையம்"தான் பரம்பரையா வரும்னு எதிர்பார்த்தவங்களுக்கு அது ஆச்சரியம்.

உங்க அம்மாவையும் உங்களையும் பத்தி இதுல இருந்து நான் எதுவும் சொல்ல முடியாது. 35%ங்கிறது ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கிற வேறுபாட்டோட கணக்கு, ஒரு தனி ஆளோட பங்கு கணக்கு இல்ல. மருந்தை நீங்களா நிறுத்தாம உங்க டாக்டர்கிட்டயே பேசுங்க. முக்கியமா டயஸெபாம் குடும்ப மருந்துகளைத் திடீர்னு நிறுத்துறது ஆபத்து.

---

இலைமறைகாய்

நன்றி டாக்டர். சொன்ன விதம் பிடிச்சிருந்தது.

---

முள்வேலி

இவ்வளவு நேரம் படித்தேன். ஒருவர் கூட அந்தக் குரங்குகளைப் பற்றிப் பேசவில்லை. தாயைப் பிரித்த குட்டி, மண்டையைத் திறந்த குரங்கு, எல்லாம் "சோதனையின் அழகு".

வரலாறு தெரியுமா? 1935இல் லண்டன் நரம்பியல் மாநாட்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபுல்டனும் ஜேக்கப்சனும் பெக்கி என்ற சிம்பன்சியைப் பற்றிச் சொன்னார்கள். முன்மூளையை எடுத்த பிறகு, சோதனையில் தோற்றாலும் ஆத்திரப்படவில்லை என்று. அதே ஆண்டு நவம்பரில் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மொனிஸ் மனிதர்களுக்கு முன்மூளை இழைகளை அழிக்கத் தொடங்கினார். 1949இல் நோபல் பரிசு. ஆயிரக்கணக்கானோர் வாழ்க்கை நாசமானது. ஒரு குரங்கு அமைதியானதை வைத்து மனிதனுக்கு மருந்து எழுதினால் இதுதான் நடக்கும்.

---

சாம்பல்நிறம்

"அழகு"ன்னு எழுதினது நான்தான். வடிவமைப்பைச் சொன்னேன், குட்டியோட நிலைமையை இல்ல. இந்த ஆய்வுகள் தேவையாங்கிற கேள்வி நியாயமானது. சிம்பன்சிகள் மேல நடக்கிற மருத்துவ ஆய்வுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரவை நிறுத்திடுச்சு. ரீசஸ், மார்மோசெட் பத்தின வாதம் இன்னும் முடியல, இங்கயும் முடியாது.

பெக்கி கதையில ஒரு திருத்தம். பெக்கியோட லூசின்னு இன்னொரு சிம்பன்சியும் உண்டு. அறுவைக்கு அப்புறம் அதுக்கு பெக்கி மாதிரி அமைதி வரல. மருத்துவ உலகம் பெக்கியை மட்டும் நினைவு வெச்சுக்கிச்சு. மொனிஸ் வேற அதுக்கு முன்னாடியே இதை யோசிச்சுட்டு இருந்ததாச் சொன்னார்.

---

முள்வேலி

லூசியை மறந்தது யார் வசதிக்கு என்பதையும் யோசியுங்கள்.

---

கேள்விக்குறி

கடைசியா ஒண்ணு. முன்மூளையைத் தூண்டினா பதற்றம் கூடுமா? இதுவரைக்கும் அழிச்சும் அணைச்சும் பார்த்ததைத்தான் பேசினோம்.

---

எலிவளை

குரங்குல நான் மதிக்கிற வேலை ஒண்ணு இதுல இருக்கு, அதனால நானே சொல்றேன். கென்-இச்சி அமேமோரியும் ஆன் கிரேபியலும், எம்ஐடி, 2012. திரையில ரெண்டு பட்டை வரும். ஒண்ணோட நீளம் எவ்வளவு தீனி கிடைக்கும்னு சொல்லும், இன்னொண்ணு முகத்துல எவ்வளவு பலமா காற்றடிக்கும்னு. குரங்கு ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி ரெண்டையும் சேர்த்து வாங்கிக்கலாம், இல்லேன்னா ரெண்டையும் தவிர்க்கலாம். முன் சிங்குலேட் புறணியோட (முன்மூளையோட உட்பக்கப் பகுதி) ஒரு ஓரத்தைச் சின்ன மின்னோட்டத்தால தூண்டினா, குரங்கு தவிர்க்கிறது கூடிச்சு. இவ்வளவுக்கும் தீனி அதேதான், காற்றும் அதேதான். டயஸெபாம் கொடுத்தா அந்தக் கூடுதல் தவிர்ப்பு மறைஞ்சுது. 2018இல் அதே குழு மூளையோட ஆழத்துல இருக்கிற காடேட் உட்கருவைத் தூண்டினப்போ, தூண்டலை நிறுத்தின பிறகும் அந்த அவநம்பிக்கைத் தேர்வு கொஞ்ச நேரம் தொடர்ந்துச்சு.

---

சாம்பல்நிறம்

25ஆம் பகுதியும் அப்படியே. 2020இல் கேம்பிரிட்ஜ் குழு, குளூட்டமேட் (நியூரான்களைத் தூண்டுற வேதிப்பொருள்) திரும்ப உறிஞ்சப்படுறதைத் தடுக்கிற மருந்தை அங்க செலுத்தி அதை மிகையா இயங்க வெச்சாங்க. மார்மோசெட்டுக்கு இதயத்துடிப்போட இயல்பான ஏற்ற இறக்கம் குறைஞ்சுது, மிரட்டலுக்கான எதிர்வினை கூடிச்சு.

---

மறுநாள்_வாங்க

இதுக்குத்தான் காத்திருந்தேன். நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் 2005இல் எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சோர்வு நோயாளிகள் ஆறு பேருக்கு அந்த 25ஆம் பகுதிக்குப் பக்கத்துல மின்முனை வெச்சாங்க. நாலு பேருக்கு நல்ல மாற்றம். நம்பிக்கை பறந்துச்சு. பிறகு 90 பேரை வெச்சு, மின்சாரம் ஓடுறவங்களையும் மின்முனை மட்டும் வெச்சு மின்சாரம் ஓடாதவங்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு. ஆறு மாசத்துல ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கிற அளவு வித்தியாசமில்லைன்னு 2017இல் வந்துச்சு. நீண்ட காலத் தொடர்ச்சியில முன்னேறினவங்களும் இருந்தாங்க.

அதுக்கு நடுவுல 2014இல் மேபெர்க் குழு, யாருக்கு வேலை செஞ்சுது யாருக்குச் செய்யலன்னு ஸ்கேனை வெச்சுப் பிரிச்சுப் பார்த்தது. குணமானவங்களோட மின்முனை நாலு நரம்பிழைக் கட்டுகளை ஒரே நேரத்துல தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு அன்சினேட், முன்மூளையையும் அமிக்டலா பக்கத்தையும் இணைக்கிற கட்டு. இப்ப மின்முனை வைக்கிற இடத்தை நோயாளிக்கு நோயாளி அந்த இழைகளை வரைஞ்சு பார்த்துத்தான் குறிக்கிறாங்க.

---

கேள்விக்குறி

டாக்டர், அப்போ அந்த மின்சாரம் 25ஆம் பகுதிச் செல்களை அடக்குதா, கடந்து போற இழைகளைத் தூண்டுதா?

---

மறுநாள்_வாங்க

இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. நான் இழைகள் பக்கம். எலிவளை சார் செல்கள் பக்கம் நிப்பார்னு நினைக்கிறேன்.

---

எலிவளை

நிப்பேன். புது இழை திறங்க, பேசுவோம்.